21 நாள் கணக்கு

நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் மாதச் சம்பளத்தை 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும்; பி.எப்., இ.எஸ்.ஐ. தொகைகளை 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கணக்குப் பிரிவில் சேர்ந்த 14 ஆண்டுகளில் எங்கள் வீட்டுக் காதுகுத்து, சீர் எல்லாமே இந்த இரண்டு தேதிகளுக்கும் ஒதுங்கியே நடந்திருக்கின்றன. 2023 மே மாதம் வலது மார்பில் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு, 21 நாளுக்கு ஒருமுறையாக நான்கு கீமோ, அதன்பின் வேறொரு மருந்து வாரம் ஒருமுறையாக 12 தடவை என்று மருத்துவர் எழுதிக் காட்டியபோது, நான் அழவில்லை, நாட்காட்டியைப் புரட்டினேன். ஜூன் 9, ஜூன் 30, ஜூலை 21, ஆகஸ்ட் 11. ஜூன் 30 என்பது வருகைப் பதிவேட்டை முடித்துச் சம்பளப் பட்டியலைத் தொடங்கும் நாள். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த 21 நாட்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. டாக்ஸோருபிசின் என்ற கீமோ மருந்து சிவப்பாக இருக்கும். அது ஏறிய பிறகு சிறுநீரும் சிவந்து போகும் என்று செவிலியர் முன்பே சொல்லியிராவிட்டால் நான் அலறியிருப்பேன். முதல் வாரம் குமட்டலும் அசதியுமாகக் கழியும். அடுத்த வீட்டில் கடுகு தாளித்தாலும் என்னால் தாங்க முடியாது. இரண்டாம் வாரத்தில் உடம்பு தேறிவிட்டதுபோலத் தோன்றும், ஆனால் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோகும் வாரம் அதுதான். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடாமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்பது மருத்துவரின் கண்டிப்பான சொல். அப்படியொரு இரண்டாம் வாரத்தில், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் பள்ளியிலிருந்து சளியோடு வந்தான். அவனை அறை வாசலிலேயே நிறுத்தினோம். அவன் வீட்டுப்பாட நோட்டைத் தரையில் வைத்து, என் பக்கம் காலால் தள்ளிவிட்டான். நான் திருத்தி அதேபோலத் தள்ளினேன். அவனுக்கு அது விளையாட்டாகவே இருந்தது. மூன்றாம் வாரம் மட்டுமே முழுதாக என்னுடையது.

அந்த வாரங்களில் ஆலைக்குப் போனேன். இரண்டாம் சுற்றின்போது சம்பளப் பட்டியலை வீட்டுக் கட்டிலில் அமர்ந்து, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு முடித்தேன். இதைத் துணிச்சல் என்று பலர் பாராட்டினார்கள். சம்பளமில்லா விடுப்பு எத்தனை நாள் வரை தாங்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். இ.எஸ்.ஐ.யில் புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, தகுதியுள்ள தொழிலாளர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அந்தப் படிவங்களை மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தவளே நான்தான். ஆனால் இ.எஸ்.ஐ.யில் இருக்க மாதச் சம்பளம் 21,000 ரூபாய்தான் உச்சவரம்பு. ஒரு சம்பள உயர்வில் அதைத் தாண்டி, ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக் கொடுத்தவளும் நானே.

முதல் சுற்றின் மூன்றாம் வாரத்தில் முடி கொத்தாக வந்துவிட்டது. அத்தை என் தலையைப் பார்க்கவில்லை. விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிக்கொண்டே, "முடிதானே சாமி, மொளச்சுக்கும்" என்றார், குரல் மட்டும் கம்மியிருந்தது. ஆலையில் எனக்கு ஒரு வசதி இருந்தது: இயந்திரத்தில் முடி சிக்காமலிருக்க அங்கே பெண்கள் எல்லோரும் தொப்பி அணிவார்கள். அலுவலகத்துக்கு அது தேவையில்லை என்றாலும் நானும் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டேன். பஞ்சுத் தூசுக்காக முகக்கவசமும் போட்டுவிட்டால் என்னை எவரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பரில் வாரம் ஒருமுறை ஏற்றும் அந்த மருந்து, பாக்லிடாக்சல், தொடங்கியது. குமட்டல் குறைந்தது, ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போயின. எண் விசைகளை அழுத்தினேனா இல்லையா என்பதே விரலுக்குத் தெரியாது. தீபாவளி போனஸ் பட்டியலை மூன்று முறை சரிபார்த்தேன். காலையில் மகனின் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நான் திணறுவதைப் பார்த்து, ஒன்பதாம் வகுப்பு மகள் எதுவும் கேட்காமல் அந்த வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். எனக்கு அதில் நிம்மதியைவிட வருத்தமே அதிகம். வலது கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது என்பதை ஒவ்வொரு ஆய்வகத்திலும் என் கணவர் எனக்கு முன்பே சொல்லிவிடுவார். பட்டறையிலிருந்து கிரீஸ் கறையோடு வந்து நின்று அவர் அதைச் சொல்லும்போது யாரும் மறுத்ததில்லை.

டிசம்பரில் 15 நாள் கதிர்வீச்சு. படுத்திருப்பது சில நிமிடங்கள்தான், பேருந்தில்தான் நாள் போனது. இப்போது நோய் திரும்பாமலிருக்க தினமும் ஒரு டாமாக்சிஃபென் மாத்திரை, ஐந்து ஆண்டுகளுக்கு.

சென்ற மாதம் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவிலிருந்து ஒரு பெண் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "அக்கா, கட்டி மாதிரி இருக்குதுங்க, வலியில்லீங்க" என்றார். வலி இல்லாததால்தான் நானும் மூன்று மாதங்களைத் தள்ளிப்போட்டேன் என்பதைச் சொல்லி, மறுநாளே இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். என் அறையிலேயே உட்கார்ந்து விடுப்பு விண்ணப்பத்தை எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. தாளை வாங்கி 'சொந்த வேலை' என்று நான் எழுதினேன்.