ரொறன்ரோவில் நத்தார் மரம்: வெட்டிய மரமா, பிளாஸ்டிக்கா?

ஊரில் சவுக்குக் கொப்பு ஒன்றை வெட்டி வந்து, மண் நிரப்பிய வாளியில் ஊன்றினால் நத்தார் மரம் தயார். ரொறன்ரோவில் நவம்பர் கடைசியிலேயே கடை வாசல்களில் வலை சுற்றிய மரங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். உள்ளே பிளாஸ்டிக் மரங்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். புதிதாக வந்தவர்கள் அநேகமாக விலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன் வீட்டைப் பார்க்க வேண்டும்.

தொடர்மாடியில் இருந்தால் முதலில் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். வெட்டிய மரத்தை உள்ளே கொண்டுவரவே கூடாது என்று பல கொண்டோக்களில் விதி உண்டு. தீ ஆபத்து ஒரு காரணம்; லிஃப்டிலும் நடைபாதையிலும் கொட்டும் ஊசியிலைகள் இன்னொன்று. அடுத்தது கூரை உயரம். எட்டடிக் கூரைக்கு எட்டடி மரம் வாங்க முடியாது. தாங்கியும் உச்சி நட்சத்திரமும் சேர்ந்து ஓர் அடிக்கு மேல் எடுத்துவிடும். ஆறரை அடிதான் கணக்கு. பேஸ்மென்ட் வீட்டுக்கு ஐந்தடி மரமே தாராளம்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: தினமும் யார் தண்ணீர் ஊற்றுவது? டிசம்பர் நடுவில் குடும்பத்தோடு யாழ்ப்பாணமோ சென்னையோ போகிறவர்கள் வெட்டிய மரத்தை நினைக்கவே வேண்டாம். ஹீட்டர் ஓடும் வீட்டின் காற்று மரத்தை உலர்த்திக்கொண்டே இருக்கும். காய்ந்த மரத்தில் தீப்பொறி விழுந்தால் சில விநாடிகளில் மரம் முழுதும் பற்றிவிடும்.

தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் பிரேசர் ஃபர் என்ற மரவகையை வாங்கலாம். ஊசிகள் எளிதில் உதிராது, கிளைகளும் விறைப்பானவை. கனமான அலங்காரங்களைத் தாங்கும். வாசனைதான் வேண்டும் என்றால் பால்சம் ஃபர். ஸ்பிரூஸ் பார்க்க அழகு, ஆனால் சூடான அறையில் சீக்கிரம் கொட்டிவிடும். வாங்கும்போது மரத்தைச் சற்றுத் தூக்கி அடியை நிலத்தில் தட்டிப் பாருங்கள். உள்பக்கத்துப் பழுப்பு ஊசிகள் விழுவது இயல்பு. பச்சை ஊசிகள் கொட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். காரின் மேல் கட்டும்போது அடிமரம் முன்பக்கம் இருக்கட்டும். மாறிக் கட்டினால் காற்று கிளைகளை விரித்து முறித்துவிடும்.

வெட்டிய மரம் கெட்டுப்போவது பெரும்பாலும் அடியில்தான். வெட்டி நேரம் போகப் போக வெட்டுமுகத்தில் பிசின் படிந்து அடைத்துவிடும். அதனால் தாங்கியில் நிறுத்துவதற்குச் சற்று முன், அடியில் ஓர் அங்குலம் நேராக அறுத்தெடுக்க வேண்டும். சாய்வாக அறுக்கக் கூடாது, துளை போடுவதும் பயனில்லை. தாங்கிக்குள் நுழையவில்லை என்று சிலர் பட்டையைச் சீவுவார்கள். தண்ணீர் ஏறுவது பட்டைக்கு அடுத்துள்ள மரத்தில்தான். அதைச் சீவினால் மரம் குடிக்கும் வழியே போய்விடும். பெரிய தாங்கி வாங்குவதுதான் சரி.

அடிமரத்தின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீட்டர் தண்ணீர் பிடிக்கும். நான்கங்குல மரம் தொடக்க நாட்களில் நான்கு லீட்டர் வரை குடிக்கலாம், பின்னர் குறையும். சீனி, அஸ்பிரின், சோடா எதுவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். மட்டம் வெட்டுமுகத்துக்குக் கீழே இறங்க விட்டால் பிசின் மறுபடி அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் மரம் இழுக்காது. திரும்ப அறுக்க வேண்டும். அலங்காரம் எல்லாம் கழற்றி யார் அறுக்கப் போகிறார்கள்? ஹீட்டர், வெப்பக் காற்று வரும் துவாரம் ஆகியவற்றிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வைத்து, எல்.ஈ.டி விளக்கு மட்டும் போட்டால் நான்கு கிழமைக்குக் குறையாமல் நிற்கும்.

பிளாஸ்டிக் மரத்தில் பெட்டிப் படத்தை நம்பாதீர்கள். கிளை நுனிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரே உயரத்தில் நுனி கூடினால் அடர்த்தி கூடும். தட்டையான நாடாவைச் சீவியதுபோல் இருப்பது பிவிசி என்ற பிளாஸ்டிக். அச்சில் வார்த்து உண்மை ஊசி மாதிரி இருப்பது பொலிஎதிலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக், விலை கூட. வெளிநுனிகள் பொலிஎதிலீனாகவும் உள்பக்கம் பிவிசியாகவும் கலந்து வருவது நல்ல நடுவழி. ஒவ்வொரு நுனியையும் கையால் விரிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதைச் செய்யாமல் “மரம் சொத்தை” என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

விளக்கு பொருத்தியே வரும் மரம் வசதிபோலத் தெரியும், ஆனால் ஒரு பகுதி அணைந்தால் தலையிடி. முதலில் பகுதிகள் இணையும் இடத்துச் செருகியையும், பிறகு சுவரில் செருகும் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசையும் பாருங்கள். என்னைக் கேட்டால் விளக்கில்லாத மரமும் தனி விளக்குச் சரமுமே மேல். தவழும் குழந்தை உள்ள வீட்டில் மிகப் பழைய பிவிசி மரம் வேண்டாம். முன்பு பிவிசியில் ஈயம் கலந்த பொருட்கள் சேர்க்கப்பட்டன.

சூழலுக்கு எது நல்லது என்றால், மொன்றியலின் எலிப்சோஸ் நிறுவனம் 2009இல் செய்த ஆய்வில் பிளாஸ்டிக் மரத்தை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பயன்படுத்தினால்தான் அது மேல் என்று வந்தது. நான்கைந்து வருடத்தில் வீடு மாறி எறிந்துவிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வெட்டிய மரத்தை ஜனவரியில் நகரசபை தனியாக எடுத்துத் துண்டாக்கும். வீதியோரம் வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் சுற்றாதீர்கள்; தாங்கி, கொக்கி, மினுக்குச் சரிகை ஒன்றுமே மரத்தில் இருக்கக் கூடாது.