அக்கரையில் ரூம், இக்கரையில் நாங்கள்

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் போகத் திட்டம் போடுகிறவர்களே, விசா, கோட்டு, பூட்ஸ் எல்லாம் அப்புறம். ரூம் ஆற்றுக்கு எந்தக் கரையில் என்று முதலில் பாருங்கள்.

நாங்கள் பார்க்கவில்லை. "வாசிலியெவ்ஸ்கி தீவுல வாடகை கம்மிம்மா. நேவா ஆத்தைத் தாண்டினா ஹெர்மிடாஜ் மியூசியம், நடந்தே போயிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். மேப்பில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, ராத்திரியில் கப்பல் போவதற்காக நேவா பாலங்களைத் தூக்கிவிடுவார்கள். அரண்மனைப் பாலம் தூக்குவதை வேடிக்கை பார்க்கத் திருவிழாக் கூட்டம். ஜூன் மாதம் வேறு. நடுராத்திரியிலும் வானம் சாயங்காலம் ஆறரை மணி மாதிரி இருப்பதால் நேரம் போனதே தெரியவில்லை. ஒரு மணிக்கு மேல், பாலம் நடுவில் பிளந்து, விளக்குக் கம்பங்களோடு சேர்ந்து சாய்ந்து எழுந்தது. ஆவென்று பார்த்தோம், படம் எடுத்தோம். பிறகுதான் உறைத்தது. படுக்கை அந்தப் பக்கம். மெட்ரோவும் மூடியாச்சு.

சிரித்துக்கொண்டே ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். தூக்காத பாலத்தோடு ஒரு சுங்கச்சாலை இருக்கிறது, அதில் சுற்றிக்கொண்டு தீவுக்குப் போகலாம் என்று கையாலேயே படம் போட்டுக் காட்டினார். அது உண்மைதான். ஆனால் போனில் 4,000 என்று தட்டிக் காட்டினார் பாருங்கள்! ரூபிளும் நம் ரூபாயும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. பகலில் அதே தூரத்துக்கு ஆப்பில் 300 கூட ஆகவில்லை.

கொடுத்துத் தொலைக்கலாம்தான். ஆனால் 2022இலிருந்து வெளிநாட்டு விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. கொண்டுபோன டாலர்தான் மொத்த சொத்து. அதிலும் பேனாக் கோடு விழுந்த ஒரு நூறு டாலர் நோட்டை ஒரு வங்கியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். சலவை நோட்டாகக் கொண்டுபோங்கள். ஆக, கரையோரக் கருங்கல் படியில், துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, காலை ஐந்து மணி வரைக்கும் எங்கள் தேனிலவு.

மறுநாள் எனக்கு உயிர் கொடுத்தது பிஷ்கி என்கிற பலகாரம். போல்ஷாயா கொன்யுஷென்னயா தெருவில் 1958இலிருந்து இருக்கும் கடை. உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டை, ஆனால் இனிப்பு. எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் மேலே சர்க்கரைப் பொடியைக் கொட்டித் தருகிறார்கள். கூடவே பால் கலந்தே வரும் தித்திப்புக் காபி. இரண்டு போதும் என்று உட்கார்ந்து ஐந்து தின்றேன். கறுப்பு சுடிதார் முழுக்க வெள்ளைப் பொடி. இத்தனைக்கும் பில்லைப் பார்த்தால் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்குகிற மாதிரி.

ஹெர்மிடாஜ் திங்கட்கிழமை லீவு. நாங்கள் போனது திங்கட்கிழமை. செவ்வாய் மறுபடி போய், முழுசாகப் பார்க்கும் பேராசையை விட்டுவிட்டு, ரெம்பிராண்டின் 'ஊதாரி மகன்' ஓவியத்தின் முன்னால் மட்டும் அரைமணி நின்றேன். எல்லாரும் அப்பாவின் கைகளைப் பார்க்கிறார்கள். எனக்கு, மண்டியிட்ட மகனின் செருப்பு கழன்ற பாதம்தான் கண்ணில் பட்டது. முந்தாநாள் ராத்திரி அலைந்த என் குதிகாலும் அப்படித்தான் இருந்தது.

பீட்டர்ஹாஃப் அரண்மனைத் தோட்டத்துக்குப் போக ஊர் நடுவிலிருந்து வேகப்படகு உண்டு, விலையைக் கேட்டதும் கும்பிடு போட்டுவிட்டோம். மெட்ரோவில் அவ்தவோ வரை போய் பஸ் பிடித்தால் சில்லறைக் காசுதான். போதாக்குறைக்கு அந்த ஸ்டேஷனின் கண்ணாடித் தூண்களும் இலவசம். பீட்டர்ஹாஃப் நீரூற்றுகள் எதற்கும் பம்ப் கிடையாது. மேட்டு நிலத்துத் தண்ணீர் தன் கனத்தாலேயே பாய்ந்து பீறிடுகிறது. முந்நூறு வருஷத்து ஏற்பாடு. நனைந்தேன், கவலைப்படவில்லை.

ஊர் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டுக்காரர் நேற்று மேப்பை எடுத்துவைத்துக்கொண்டு, "அடுத்த தடவை ஜனவரியில போலாம்மா. ஆறு உறைஞ்சிடும், கப்பல் வராது, பாலம் தூக்க மாட்டாங்க. அதே ரூம், இன்னும் கம்மி விலை" என்கிறார்.