ஒரு மரத்துக்கு ஒரு டம்ளர்

ஜப்பானியக் கைவினை என்றதும் பளபளக்கும் கிண்ணத்தின் படத்தைப் போட்டு, ‘அழிந்துவரும் கலை’ என்று உருகுபவர்கள் அதிகம். கிண்ணம் இருக்கட்டும், அந்தப் பளபளப்புக்குப் பூசும் உருஷி என்ற மரப்பாலைத் தரும் மரத்தைப் பாருங்கள்.

இவாத்தே மாகாணத்து ஜோபோஜியில் உருஷி மரத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்க்கிறார்கள். ஜூன் முதல் சில நாட்களுக்கு ஒருமுறை பட்டையைக் கீறி, கசியும் பாலைச் சொட்டுச் சொட்டாக வழித்தெடுக்கிறார்கள். பருவம் முழுக்கச் சேர்த்தாலும் மரத்துக்குச் சுமார் 200 மில்லிதான். பிறகு மரத்தை வெட்டிவிடுகிறார்கள். அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தப் பால் மேலே பட்டால் தோல் தடித்து அரிக்கும். பூசிய பூச்சு இறுக வெயில் உதவாது, காற்றில் ஈரம் வேண்டும் என்பது இன்னொரு வேடிக்கை.

இவ்வளவு பாடுபட்டு எடுப்பதை யார் வாங்குவார்கள்? ஜப்பானில் செலவாகும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து மலிவாக வருகிறது. 2015இல் அந்நாட்டுப் பண்பாட்டுத் துறை, தேசியப் பொக்கிஷக் கட்டடங்களைப் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்றது. தேவை கிடுகிடுவென ஏறியது. மரமும் போதவில்லை, ஆளும் போதவில்லை. 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இந்தத் தொழிலுக்கு இடம் கிடைத்தது. எனக்கென்னவோ அந்தப் பட்டியலைவிட 2015 உத்தரவின் மீதுதான் நம்பிக்கை.