கட்டிங் மெஷின் எங்கடா?

எங்க தாத்தா போட்ட, காலால மிதிச்சு ஓட்டுற ட்ரெடில் பிரஸ்ஸை பாகம் பிரிச்சப்ப மெஷின் பெரியப்பாவுக்கு, அச்செழுத்து அடுக்கின டைப் கேஸ் எல்லாம் சித்தப்பாவுக்கு, தாள் வெட்டுற கட்டிங் மெஷின் எங்க அப்பாவுக்குன்னு போச்சு. மெஷின் ஒரு தெருவுல, எழுத்து இன்னொரு தெருவுல இருந்தா எங்கேர்ந்து அச்சடிக்கிறது, ரெண்டே வருஷத்துல மூணும் மூடியாச்சு. இதை ஏன் சொல்றேன்னா, வேலை விஷயமா பெல்ஜியம் போனப்ப ஆண்ட்வெர்ப்ல ஒரு பிரஸ் பார்த்தேன். ஒரே குடும்பம், முன்னூறு வருஷத்துக்கு மேல. பிளாண்டின்-மொரெட்டஸ், இப்ப அது மியூசியம்.

ஆரம்பிச்ச கிறிஸ்டோஃப் பிளாண்டின் பிரான்ஸ்காரர், பிழைக்க வந்த பைண்டர். ராத்திரி யாரோ ஆள் மாறி குத்திட்டாங்க, கை போச்சு, பைண்டிங் முடியல, அதனால அச்சுக்கு வந்தார்னு ஒரு கதை. கதையோ நிஜமோ, 1555ல முதல் புஸ்தகம் வந்துடுச்சு. ஸ்பெயின் ராஜா ரெண்டாம் பிலிப் ஆதரவுல எட்டு வால்யூம் பைபிள், எபிரேயம் கிரேக்கம்னு அஞ்சு மொழியில அடிச்சார். நம்ம ஊர்ல தமிழோட நாலு வரி இங்கிலீஷ் கலந்து வந்தாலே எழுத்து கோக்கிற கம்பாஸிட்டர் முனகுவார், இது அஞ்சு மொழி!

புரூஃப் பார்க்கிற ரூம்ல ஜன்னலோரமா ஒரு பெரிய ஓக் மேஜை இருக்கு, அங்க ரொம்ப நேரம் நின்னேன். அந்த பைபிள் புரூஃபை மேற்பார்வை பண்ற பாதிரியார்கிட்ட கொண்டுபோய், மூலத்தை வாசிச்சுக் காட்டுறது பிளாண்டின் பொண்ணு மக்தலேனா வேலையாம், வயசு 13. மெஷின் பக்கம் ஒரு பிரஸ்ஸுக்கு ரெண்டு ஆள், ஒரு நாளைக்கு 1,250 தாள், ரெண்டு பக்கமும். கையால இழுத்து! ட்ரெடில் மிதிச்ச எங்க மெஷின்மேன் கேட்டிருந்தா கும்பிட்டிருப்பார்.

1576ல சம்பளம் வராத ஸ்பானிய சிப்பாய்ங்க ஊரைக் கொள்ளையடிச்சப்ப பிளாண்டின் பணம் கொடுத்துக் கொடுத்துத்தான் பிரஸ்ஸை காப்பாத்தினார். 1589ல அவர் செத்ததும் ஒரு மாப்பிள்ளைக்கு நெதர்லாந்து லைடன் ஊர்ல இருந்த பிரஸ், ஆண்ட்வெர்ப்ல இருந்தது இன்னொரு பொண்ணு மார்த்தினாவைக் கட்டின யான் மொரெட்டஸுக்கு. யான் அங்கயே வேலை பார்த்து வளர்ந்தவர். அவருக்கப்புறம் வந்தவங்களும் பிரஸ்ஸை துண்டு போடக்கூடாது, திறமை இருக்கிற ஒருத்தர் கையிலதான் இருக்கணும்னு பார்த்துக்கிட்டாங்க. அப்படி வந்த யானோட பையன் பல்தாசருக்கு ஒரு பக்கம் பக்கவாதம், ஆனா ஓவியர் ரூபன்ஸ் அவர் சிநேகிதர், புஸ்தக முகப்பெல்லாம் வரைஞ்சு கொடுத்திருக்கார். நடுவுல விதவைங்களும் பிரஸ்ஸை நடத்தியிருக்காங்க.

ஆனா ஒண்ணு. சோறு போட்டது பெரும்பாலும் ஸ்பெயினுக்கு அடிச்ச சர்ச் பூஜை புஸ்தகங்கள்தான், ராஜா கொடுத்த ஏகபோக உரிமை. ஒரே பார்ட்டியை நம்பி பிரஸ் ஓட்டினவங்களுக்குத் தெரியும் அது எங்க போய் நிக்கும்னு. 1764 வாக்குல அந்த உரிமை போச்சு, அப்புறம் நூறு வருஷம் பேருக்கு ஓடி, 1876ல எட்வர்ட் மொரெட்டஸ் வீடு, மெஷின், எழுத்து, கணக்கு நோட்டு எல்லாத்தையும் சேர்த்து நகரசபைக்கு வித்துட்டார். அப்பவும் பிரிக்கல பாருங்க. உலகத்துலயே பழைய ரெண்டு அச்சு இயந்திரம் அங்கதான் நிக்குது. பெரியப்பாவோட ட்ரெடில் கிலோ கணக்குல பழைய இரும்புக்குப் போச்சு.

வந்ததும் அப்பாகிட்ட போட்டோ எல்லாம் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா தள்ளிப் பார்த்தவர், "எல்லாம் இருக்கு, கட்டிங் மெஷின் எங்கடா?"ன்னார். அந்தக் காலத்துல பெரும்பாலும் தாளாத்தான் விப்பாங்க, பைண்டிங் பண்ணி ஓரம் வெட்டிக்கிறது வாங்கினவன் பாடுன்னேன். "அப்ப அங்க இருந்திருந்தா எனக்கு பாகமே வந்திருக்காது"ன்னு சொல்லிட்டு காபி கேட்டார்.