பெங்களூரு மேப்போடு சென்னைக்கு இறங்கினால்

டர்போ காரின் ஈசியூவில் (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரில்) எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று சொல்லும் அட்டவணைதான் மேப். அதை ட்யூன் பண்ணும் பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 91 கிலோபாஸ்கல், சென்னையில் 101. "டர்போதான் காற்றை அடைத்துத் தருகிறதே, உயரம் என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் மட்டும் உள்ள வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தம் அளவு மீறாமல் பார்க்கும் வால்வு) வெளிக்காற்றை ஒப்பிட்டுத்தான் திறக்கும். வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்தான் பூஸ்ட். 1 பார் (100 கிலோபாஸ்கல்) பூஸ்ட் வைத்தால் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் இங்கே 191, சென்னையில் 201. அதாவது ஐந்து சதவீதம் கூடுதல் காற்று. பொங்கலுக்கு ஓசூர் தாண்டி இறங்குகிறவருடைய இன்ஜின், இங்கே ட்யூன் பண்ணும்போது எட்டியே பார்க்காத மேப் கட்டங்களில் ஓடும். அதனால் மேப்பை 220 கிலோபாஸ்கல் வரை நிரப்பி வையுங்கள். அதிக அழுத்த வரிசைகளில் கொஞ்சம் ரிச் (பெட்ரோல் கூடுதல்), ஸ்பார்க் டைமிங் இரண்டு டிகிரி குறைவு. சமவெளிச் சூட்டில் நாக்கிங் (பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) சீக்கிரம் வரும்.

மேப்பில் கை வைப்பதற்கு முன்னால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ஃப்யூவல் ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஐடிலில், பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றினால் 3 பார் காட்ட வேண்டும். ஹோஸை மாட்டி, டயனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் மேடையில்) 1 பார் பூஸ்ட் வரும்போது 4 பார் ஆக வேண்டும். 3.5-லேயே நின்றுவிட்டால் பூஸ்டைக் கழித்தால் இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் 3 இல்லை, 2.5 பார்தான். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், ஒன்பது சதவீதம் பெட்ரோல் குறைந்துவிடும். இதை மேப்பில் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்டினால் அன்றைக்குச் சரியாகத்தான் தெரியும். பம்ப் சூடானதும் மறுபடி லீன் (பெட்ரோல் குறைவு). முதலில் ஃபில்டரைப் பாருங்கள், அப்புறம் பம்புக்கு வரும் வோல்டேஜை. மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்காதீர்கள், பம்ப் கனெக்டரிலேயே வையுங்கள். பேட்டரியில் 13.8 இருந்து அங்கே 12 காட்டினால், தனி ரிலே, ஃப்யூஸ், தடித்த வயர் போட்டாலே பாதி வியாதி போய்விடும். பெங்களூரு ஜேசி ரோட்டு உதிரிபாகக் கடைகளில் மணிக்கு 255 லிட்டர் பம்ப் கேட்கும்போது, அந்த 255 எத்தனை பாரில் என்றும் கேளுங்கள். 4 பாரில் அது தருவது வேறு.

லீனியா டி-ஜெட் மாதிரி நாலு சிலிண்டர் போர்ட் இன்ஜெக்‌ஷன் காரில் 200 குதிரைத்திறன் வேண்டுமானால், 85 சதவீத டூட்டியில் (சுழற்சியில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்கு) நிமிடத்துக்கு 360 சிசி இன்ஜெக்டர் கணக்குக்குச் சரியாக வரும். நான் 440 போடச் சொல்வேன். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட்தான். அதில் 85 சதவீதமான 17-க்கு மேல் திறந்து வைத்தால் கைவசம் மிச்சம் இல்லை. 20 சதவீதம் எத்தனால் கலந்த E20 பெட்ரோல் வேறு, 10 சதவீதம் கலந்த E10-ஐவிட நாலைந்து சதவீதம் கூடுதலாகக் கேட்கும். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டிஎஸ்ஐ கார்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

புது இன்ஜெக்டர் போட்டால் அதன் டெட் டைம் (மின்சாரம் வந்தபின் திறக்க ஆகும் தாமதம்) அட்டவணையையும் வோல்டேஜ் வாரியாக ஈசியூவில் ஏற்ற வேண்டும். விட்டால், ஏசியும் ரேடியேட்டர் ஃபேனும் ஓடும்போது ஐடில் ஏறி இறங்கும்.

புகைக்குழாயில் மாட்டும் வைட்பேண்ட் சென்சாரில் லேம்டாவைப் பாருங்கள் (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் ரிச்). ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு E20-க்குக் குழப்பத்தான் செய்யும். முழு பூஸ்டில் 0.78 முதல் 0.80. சமவெளியில் இறங்கியதும் மூன்றாம் கியரில் ஓட்டி, ஈசியூ அளவுகளை ஒரு லாக் (பதிவு) எடுங்கள். பூஸ்டில் 0.85-ஐத் தாண்டினால் உடனே காலை எடுத்துவிட்டு, வீடு போய்ச் சேரும்வரை பூஸ்ட் வராமல் ஓட்டுங்கள்.