பெரியம்மா வீட்டு எண்ணெய்ச் சட்டி

20 செப்டம்பர் 2025, சனி

அப்பா போனபிறகு வரும் முதல் தீபாவளி. இந்த வருசம் எங்களுக்குப் பண்டிகை இல்லை, வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. ஆனால் இன்று காலை தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே அம்மா, "ஹோஸ்பிஸ்காரங்களுக்கு ஏதாச்சும் செய்யணும்டி. முறுக்கு சுட்டு வித்துக் கொடுப்போம்" என்றார். குணமாகாத நோயாளிகளின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஹோஸ்பிஸ்காரர்கள், அப்பாவையும் அவர்கள்தான் பார்த்தார்கள். சட்டி வைக்க முடியாதே என்றேன்.

"என் அக்கா வீட்டுல வைப்போம். அவ என்ன பங்காளியா?"

எல்லாம் யோசித்து வைத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்திருக்கிறார்.

24 செப்டம்பர், புதன்

ஹோஸ்பிஸ் மலேசியாவுக்கு எழுதி, அவர்கள் பெயரைச் சொல்லிக் காசு சேர்க்கலாமா என்று கேட்டேன். சரி என்று பதில் வந்த பிறகுதான் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். போட்டவுடன் ஷா ஆலாம் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "அங்க எத்தனை கட்டில் இருக்கு?"

ஒரு கட்டிலும் இல்லை சித்தப்பா. 1991-இல் தொடங்கிய அமைப்பு, செராஸில் அலுவலகம். நர்சுகளும் டாக்டர்களும் கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமுமான கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். நோயாளியிடம் ஒரு காசு வாங்குவதில்லை. செந்தூலில் எங்கள் பிளாட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். லிப்ட் கெட்டுப்போன நாளில், பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, மூச்சு வாங்கியபடியே "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட சீன நர்ஸை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

28 செப்டம்பர், ஞாயிறு

அத்தை வந்திருந்தார். அப்பாவின் ஒரே தங்கை, அவரை மீறி எதையும் செய்துவிட முடியாது. "துக்க வீட்டுக் கையால சுட்டதை நல்ல நாளும் அதுவுமா யாரு வாங்குவா அண்ணி?" என்று கேட்டார். அம்மா பதில் பேசவில்லை. பெரியம்மாதான், "மாவு பிசையறது நான், புழியறது நான். அவ பக்கத்துல உக்காந்து கதை பேசப்போறா" என்றார். அத்தை வாயைத் திறக்கவில்லை, வெற்றிலைப் பெட்டியை மட்டும் டப்பென்று மூடினார்.

சங்கத்துக்காரர் ஒருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். "பிள்ளைங்க இல்லம்னு சொல்லுங்க, நம்மாளுங்க அள்ளிக் கொடுப்பாங்க. போகப்போறவங்களுக்குக் கொடுத்து என்னம்மா ஆகப்போவுது?" கெட்ட மனிதர் இல்லை. பாதிப் பேர் மனதில் இருப்பதை வெளியே சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அன்னதானம் என்றால் கேட்காமலே கொடுக்கிற சனம் நாம். சாவு என்ற சொல் வந்ததும் கை பர்ஸுக்குள் திரும்பிப் போய்விடுகிறது.

என்ன ஆகும் என்று அவருக்கு அப்போது சொல்லத் தோன்றவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். அப்பாவுக்குக் கணையத்தில் புற்று. மல்லாந்து படுத்தால் முதுகைத் துளைக்கும். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார், நாங்கள் மாறி மாறி முதுகைத் தடவினோம். நர்ஸ் வந்து நேரத்தாளில் கோடு போட்டுக் காட்டினார்: நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை மார்ஃபின் என்ற வலி மருந்துத் தண்ணி, வலி வந்தாலும் வராவிட்டாலும். தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், காற்று அடைக்கும் மெத்தை, இரண்டும் இரவல். அந்த வாரமே அப்பா படுத்துத் தூங்கினார். எழுந்ததும் இடியப்பம் வேண்டும் என்றார், தேங்காய்ப்பால் நிறைய ஊற்றி. இரண்டு வாய்தான் சாப்பிட்டார். ஆனாலும் கேட்டுச் சாப்பிட்டார். கொடுக்கிற காசு அங்கேதான் போகிறது.

5 அக்டோபர், ஞாயிறு

போத்தல் 25 ரிங்கிட், சிவப்பு மூடி. முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை. அச்சு முறுக்கு கேட்டு ஏகப்பட்ட பேர். பெரியம்மா முடியாது என்றுவிட்டார். அதில் முட்டை சேரும், அவர் புரட்டாசி விரதம். "பெருமாளா உன் கஸ்டமரா?" என்கிறார்.

பினாங்கு மாமா வரி ரசீது கேட்டார். முறுக்குக்குக் கொடுப்பது விலை மாமா, அதற்கு ரசீது தர எனக்கு வழியில்லை. நேராக அமைப்புக்கு அனுப்பினால் உங்கள் பெயரிலேயே வரிக்கழிவுக்கான 44(6) ரசீது கிடைக்கும். அனுப்பிவிட்டு முறுக்கும் வாங்கினார்.

11 அக்டோபர், சனி

அக்டோபர் இரண்டாம் சனி உலக ஹோஸ்பிஸ் தினம். பிளாட்டுக்குக் கீழே மேசை போட்டோம். வாங்க வந்தவர்களைவிடப் பேச வந்தவர்கள் அதிகம். ரயில்வே பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்த அங்கிள் ஒருவர், கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றிருந்தார். அவர் மனைவிக்கு இப்போது மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வாங்கி வந்த மருந்து அலமாரியில் அப்படியே இருக்கிறது. "அதை ஆரம்பிச்சா அவ்ளோதான்னு சொல்றாங்களே, பாப்பா?"

நான் டாக்டர் இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். அப்பா அதைக் குடித்துக்கொண்டே வாரக்கணக்கில் பந்து மேட்ச் பார்த்தார், நடுவரைத் திட்டினார். முதல் சில நாள் அசதியாக இருந்தது, மலச்சிக்கல் வந்தது, அதற்கும் கூடவே மருந்து கொடுத்தார்கள். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் நர்ஸாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி கத்தவைக்கும்வரை காத்திருக்காதே, அது தலைதூக்கும் முன்பே நேரம் தவறாமல் கொடு என்பது அவர் கற்றுக்கொடுத்த முறை. "நர்ஸுக்குப் போன் போட்டு உங்க பயத்தையும் சொல்லுங்க அங்கிள்" என்றேன். நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார். முறுக்கு வேண்டாம், ஆன்ட்டியால் கடிக்க முடியாது என்றார். நெய் உருண்டை கொடுத்தோம், காசு வாங்கவில்லை. அம்மா தன் பர்ஸிலிருந்து 25 ரிங்கிட் எடுத்து டப்பாவில் போட்டார்.

14 அக்டோபர், செவ்வாய்

ஆர்டர் நிறுத்தம். பெரியம்மாவுக்குத் தோள்பட்டை வலி.

18 அக்டோபர், சனி

கணக்கு முடித்தோம். வசூல் 4,150 ரிங்கிட். மாவு, உளுந்து, நெய், எண்ணெய், போத்தல் எல்லாம் 1,120. கழித்து 3,030 அனுப்பலாம் என்றேன். "கழிக்காத" என்றார் அம்மா. சாமான் வாங்கியது அப்பா பென்சனில் வருகிற காசாம், அவர் பங்காக இருக்கட்டுமாம். பெரியம்மா விடவில்லை, எண்ணெய்க்காசு தன்னுடையது என்று சண்டைக்கு நின்றார். அரைமணி நேரம் அக்காளும் தங்கையும் எண்ணெய்க்காசுக்கு அடித்துக்கொண்டார்கள். கடைசியில் அத்தை போன் செய்து, தன் மகன் எல்லோருக்கும் சேர்த்து 500 அனுப்புகிறான், சண்டையை நிறுத்துங்கள் என்றார். 4,650 அனுப்பியாயிற்று. ரசீது வந்ததும் இங்கே போடுகிறேன்.

நேற்றோடு புரட்டாசி முடிந்தது. தோள்பட்டையைத் தைலம் போட்டுத் தேய்த்துவிட்டு, பெரியம்மா இன்று அச்சு முறுக்கு சுடுகிறார். இருபது போத்தல்தான். வேண்டுகிறவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள், நாளை செந்தூலில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.