அபராதம் யாருக்குச் சேர வேண்டும்?

கங்கைகொண்டான் சிப்காட்டில் புதிய ஆலைகள் எழும்பிவரும் இந்நாளில், வெளிநாட்டு முதலீட்டோடு அந்நாட்டின் ஊழல் தடுப்புச் சட்டமும் நெல்லைச் சீமைக்கு வந்து சேருமா என்று, பாளையங்கோட்டையில் கணக்கெழுதிப் பிழைக்கும் என்னிடம் சிலர் கேட்பதுண்டு. வரும்; ஆனால் அது நமக்காக வருவதில்லை என்பதே என் கருத்து.

அமெரிக்கா 1977-இல் இயற்றிய சட்டம், பிறநாட்டு அரசு அலுவலருக்கு நிறுவனங்கள் கையூட்டுக் கொடுப்பதைத் தடுப்பதோடு, அந்நாட்டுப் பங்குச் சந்தையில் உள்ளவை கணக்கை உள்ளபடி எழுதவும் கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்கத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான காக்னிசன்ட் மீதான வழக்கில் இரண்டுமே பேசப்பட்டன. சென்னை வளாகத்தின் கட்டட அனுமதிக்காக 2014-இல் 20 லட்சம் டாலர் கையூட்டை ஒப்பந்ததாரர் மூலம் கொடுக்க நிறுவன மேலிடத்தில் ஒப்புதல் தரப்பட்டதாகவும், அவருக்கு அது கூடுதல் வேலைக்கான பில் என்ற போர்வையில் ஈடுகட்டப்பட்டதாகவும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. (கூடுதல் வேலை பில் என்றதும் தணிக்கையாளர் எவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்.) குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 2.5 கோடி டாலர் செலுத்த அந்நிறுவனம் 2019-இல் உடன்பட்டது. தானே முன்வந்து தெரிவித்ததால், அமெரிக்க நீதி அமைச்சகம் அதன்மேல் வழக்குத் தொடரவில்லை. பணம் போனது ஆணையத்துக்கு. யாருடைய நிலத்தில் விதி விலை பேசப்பட்டதாகச் சொல்லப்பட்டதோ, அந்த மாநிலம் அத்தீர்வில் ஒரு தரப்பே அல்ல.

2025 பிப்ரவரியில் இச்சட்டத்தின் அமலாக்கத்தை நிறுத்திவைக்க அமெரிக்க அதிபர் ஆணையிட்டார். சில வாரங்களில், அதே விவகாரத்தில் இரு முன்னாள் நிர்வாகிகள் மீதிருந்த குற்றவழக்கை அரசுத் தரப்பே கைவிட்டது. இங்கே நடந்ததாகக் கூறப்படும் ஒன்றின் உண்மையை அங்குள்ள ஆட்சி மாற்றம் தீர்மானிக்க விடலாமா?

பிரிட்டன் வேறு வழி காட்டியிருக்கிறது. தான்சானியா தொடர்பான வழக்கில் ஸ்டாண்டர்டு வங்கி 2015-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 60 லட்சம் டாலரும் வட்டியும் தான்சானிய அரசுக்கே கொடுக்கப்பட்டன. இதிலும் சிக்கல் உண்டு: கையூட்டு வாங்கியவர் இருந்த அரசிடமே பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது எங்கே போய்ச் சேரும்? அப்படியிருந்தும், பாதிக்கப்பட்ட நாட்டைக் கணக்கிலேயே கொள்ளாததைவிட இது மேல்.

சிறுதொகைக் கேள்வி நமக்கு இன்னும் நெருக்கமானது. வழக்கமான அலுவலைச் சற்று விரைவுபடுத்தக் கொடுக்கும் பணத்துக்கு அமெரிக்கச் சட்டம் விலக்களிக்கிறது. பிரிட்டனின் 2010 சட்டம் அளிப்பதில்லை. பணகுடிப் பக்கம் காற்றாலைக்கு நிலம் பதிய அலைந்தவரைக் கேட்டால், கோப்பு நகர்வதற்கான பணத்துக்கும் கோப்பில் இல்லாததைச் சேர்ப்பதற்கான பணத்துக்கும் இடையே கோடு கிழிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லுவார். பிரிட்டன் பக்கமே நான் நிற்கிறேன்.

இந்தியாவோ உள்நாட்டில், ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்த திருத்தத்தின் மூலம் கொடுப்பவரையும் நிறுவனத்தையும் குற்றவாளியாக்கியது. வற்புறுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். சிறு ஒப்பந்ததாரருக்கு அந்த ஏழு நாள் பெயரளவுக்கே உதவும். எட்டாம் நாளும் அதே அலுவலகப் படியேற வேண்டியவர் அவர். நம் நிறுவனங்கள் வெளிநாட்டில் கொடுப்பதைத் தண்டிக்கும் மசோதா 2011-இல் வந்து காலாவதியாயிற்று. சட்ட ஆணையம் 2015-இல் தன் 258-ஆவது அறிக்கையில் அதை ஆராய்ந்து திருத்திய வரைவையும் தந்தது. அந்த வரைவை நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ளும்போது, கையூட்டு கொடுக்கப்பட்ட நாட்டுக்கு இழப்பீடு வழங்கும் பிரிவையும் அதில் சேர்க்க வேண்டும்.